யோகராஜா வழி கேட்ட விதம்

யோகராஜா ஓமான் பாலைவனத்தில் ஒன்பது வருடமும் நாலு மாதமும் லொறி ஓட்டியவன். எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக் கோபுரத்தைக் கழற்றிப் பதினெட்டு லொறிகளில் ஏற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோவது வேலை. அங்கே சந்தி இல்லை, தெருப் பெயர் இல்லை. புழுதிக்குள் முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கைத் தவறவிடாமல் போனால் சரி. அத்தனை வருடத்தில் அவன் லொறியில் ஒரு கீறல் விழவில்லை.

எண்பத்தாறில் எண்ணெய் விலை விழுந்ததும் கம்பனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் அவன் லண்டனில், குட்மேய்ஸில், அக்கா அருமைநாயகி வீட்டு மேல் அறையில் இருந்தான். ஏழு மாதம் பெற்றோல் ஸ்ரேசனில் கல்லாவுக்குப் பின்னால் நின்று மற்றவர்களின் வண்டிகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். லைசென்ஸை முதல் தடவையிலேயே எடுத்தான். பழைய டட்சன் ஒன்றை வாங்கி, முகம் பார்க்கலாம் என்னும் அளவுக்குத் துடைத்துக்கொண்டு, பாலேந்திராவின் மினிகாப் என்னும் வாடகைக் கார் ஒஃபிஸ் வாசலில் போய் நின்றான்.

"ஒரு மாதம் பாப்பம்," என்றார் பாலேந்திரா. "ஒரு கொம்ப்ளெயின்ற் வந்தாலும், சவாரி சொல்லுற ரேடியோவைக் கழட்டித் தந்திட்டுப் போகவேணும். றோட்டெல்லாம் தெரியுந்தானே?"

"தெரியாமல் வருவனே அண்ணை?"

அவனுக்குத் தெரிந்தது அக்கா வீட்டிலிருந்து அந்த ஒஃபிஸுக்கு வரும் றோட்டு மட்டுந்தான். ஆனால் திரும்பவும் கல்லாவுக்குப் பின்னால் நிற்க அவனால் ஏலாது. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தான். யார் ஏறினாலும் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு, தலையைச் சற்றுக் குனிந்து, "உங்களுக்கு எந்த வழியாகப் போக விருப்பம்?" என்று கேட்பான். வெள்ளைக்காரக் கிழவிகள் பூரித்துப்போய், இடது, வலது என்று வீட்டு வாசல்வரை சொல்லிக்கொண்டு வருவார்கள். மூன்று கிழமையில் ஒன்பது பேர் ஒஃபிஸுக்கு ரெலிபோன் எடுத்து, அவனைப்போல் மரியாதையான டிரைவரைக் கண்டதில்லை என்றார்கள்.

அதுவே வினையாயிற்று. பாலேந்திராவின் தங்கை கலாவதிக்கு லூயிஷாமில் கலியாணம். முகூர்த்தம் காலை பத்து நாற்பத்திரண்டு. குருக்களை ஏற்றிவரும் பொறுப்பை, இருந்த பதினொரு டிரைவர்களில் யோகராஜாவிடமே பாலேந்திரா கொடுத்தார்.

எட்டரைக்குக் குருக்கள் ஏறினார். யோகராஜா கதவைச் சாத்தினான்.

"ஐயா, உங்களுக்கு எந்த வழியாப் போக விருப்பம்?"

"நான் வந்து ஆறு கிழமை, தம்பி. இருக்கிற வீட்டுக் கதவைத் திறந்தால் பூட்டத் தெரியாது. நீர் பாத்துக் கொண்டுபோம்."

யோகராஜா காரை எடுத்தான். பெரிய றோட்டுக்கு வந்தபோது முன்னால் ஒரு நீலக் கார் போயிற்று. பின் சீற்றில் மூன்று பட்டுச்சேலை, மூன்று கொண்டை, கொண்டை நிறைய மல்லிகை. ஓமான் பழக்கம் கையில் ஏறிவிட்டது. அதே கலியாணத்துக்குத்தான் என்று நம்பி அந்தச் சிவப்பு விளக்கை விடாமல் பிடித்தான்.

நீலக் கார் நின்ற மண்டபத்தில் நிறைகுடமும் இருந்தது, குத்துவிளக்கும் இருந்தது. குருக்கள் பன்னீர் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"தம்பி, உள்ளுக்கு ஏற்கெனவே ஒருத்தர் ஓமம் வளக்கிறார்."

அது ஈஸ்ற்ஹாம். லூயிஷாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். மணி ஒன்பது ஐந்து.  யோகராஜா வாசலில் நின்ற ஆண்களிடம் போய்க் கைகட்டிக்கொண்டு, "அண்ணைமார், லூயிஷாமுக்கு எந்த வழி திறம்?" என்றான்.

"பிளாக்வோல் சுரங்கத்தால போம்."

"ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தை ஆர் நம்புறது? வூலிச்சில பாதைப் படகில ஏறினால் கார் தண்ணியில போகும்."

"பாதையில ஏறினால் கலியாணம் முடிஞ்சு நாலாம் சடங்குக்குத்தான் போய்ச் சேருவார்."

சண்டை முற்றியது. சுரங்கத்துக்காக எல்லாரிலும் உரக்கக் கத்தியவர் இராஜேந்திரன், பஸ் டிரைவர். யோகராஜா முன்கதவைத் திறந்து பிடித்தான். "நீங்கள் சொன்னால் இவை நம்பமாட்டினம் அண்ணை. வந்து காட்டுங்கோ."

பட்டுவேட்டியோடு இராஜேந்திரன் ஏறிவிட்டார். சுரங்கத்துக்குள் போனபோது கேட்டார்:

"முந்தி எங்க ஓடினனி?"

"ஓமானில, ரிக் லொறி."

"அதுதானே பாத்தன். நான் குவைத்தில தண்ணி பவுசர் லொறி. இங்க பஸ் எடுத்த முதல் கிழமை, முன்னால போன பஸ்ஸுக்குப் பின்னாலயே போனனான். அது வேற ரூட். சனம் மணி அடிச்சு அடிச்சுக் களைச்சுப்போச்சு."

பின்னால் குருக்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பத்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்க லூயிஷாம் மண்டபத்தில் இறங்கினார்கள். வாசலில் பாலேந்திரா சிவந்த முகத்தோடு நின்றார்.

"இவர் ஆர்?"

"உன்ரை டிரைவருக்கு வழி காட்ட வந்தனான்," என்றார் இராஜேந்திரன். "பொடியனுக்கு ஒரு றோட்டும் தெரியாது. ஆனால் கார் ஓட்டத்தில பால் செம்பும் தளும்பாது."

தாலி எட்டு நிமிடம் பிந்தி, பத்து ஐம்பதுக்கு ஏறியது. சாப்பாடு முடிந்ததும் பாலேந்திரா ரேடியோவைக் கழற்றினார். "ஒரு கிழமை தாறன். தெரு மப் புத்தகத்தைப் பாடமாக்கு. ஞாயிற்றுக்கிழமை கேப்பன்."

ஆறு நாளும் யோகராஜா வெறும் காரில் தெருத்தெருவாகத் திரிந்தான். ஒரு கொப்பியில் ஒருவழிப் பாதைகளைச் சிவப்பில் குறித்தான். ஞாயிறு பாலேந்திரா இருபது இடம் கேட்டார். பத்தொன்பது சரி. இருபதாவதில் மோர்டன் பக்கத்து ஒரு தெருவைச் சொல்லி, அதால் வலப்பக்கம் திரும்பலாம் என்றார் பாலேந்திரா. ஏலாது என்றான் யோகராஜா.

"பதினாலு வருசமா நான் திரும்பிற இடம்."

"அப்ப பதினாலு வருசமாப் பிழையாத் திரும்பிறியள் அண்ணை."

இருவரும் டட்சனில் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். வலப்பக்கம் திரும்பக்கூடாது என்ற பலகை நின்றது. பாலேந்திரா திரும்பிப் போய்க் காரில் ஏறினார். பிறகு, "நாளைக்கு ஆறு மணி ஷிப்ட்," என்றார். "பிந்தாதை."