பிளஸ் ஏழரை

என் கணக்குச் சரி. வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும். அந்தச் சனிக்கிழமை காலை, ஆட்டம் தொடங்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தபோது, நீலச் சட்டை அணி தோற்கும், ஆனால் ஏழு புள்ளிக்கு மேல் தோற்காது என்று சொன்னேன். அது சரியாக ஏழு புள்ளியால் தோற்றது. அப்படியிருந்தும் கனடாவின் மில்லிக்கனில் என் தங்கை வீட்டு பேஸ்மென்டில் நின்றுகொண்டு ஒரு மனிதன் என்னைப் பார்த்து, "உம்மடை கணக்குப் பிழைச்சுப்போச்சு" என்றான். நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அந்த மனிதன் என் தங்கையின் கணவன். என் வயதுக்காரன், ஒருவரையொருவர் மச்சான் என்றே கூப்பிடுவோம். எழுத்தில் அவனை எப்போதும் 'அவர்' என்றுதான் குறிப்பிடுவேன். இங்கே என்னால் முடியவில்லை.

எனக்கு வேலை கடைகளின் தராசுகளைச் சோதிப்பது. ஒரு கிராம் பிசகினாலும் சரிபார்த்ததற்கான ஸ்டிக்கரை ஒட்டமாட்டேன். இருபத்திரண்டு வருடமாக டயறி எழுதுகிறேன். வெப்பநிலை, பஸ் பிந்திய நிமிடங்கள், அன்று யார் என்ன சொன்னார்கள். சனி ஞாயிறு பக்கங்களில் மட்டும் ரக்பிக்கு ஒரு கட்டம் இருக்கும். கொழும்பில் படித்த காலத்தில் இரண்டு வருடம் விளையாடினேன். அங்கே றகர் என்போம். ஸ்காபரோவில் கிரிக்கெட் பற்றிப் பேச எந்தக் கடை வாசலிலும் ஆள் கிடைக்கும், ரக்பி பற்றிப் பேச ஒருவரும் இல்லை. ஐரோப்பாவில் பின்னேரம் நடக்கும் ஆட்டம் எங்களுக்குக் காலையில் வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் நான் எத்தனை புள்ளி வித்தியாசம் வரும் என்று எழுதுவேன். பிறகு வந்த வித்தியாசத்தைப் பக்கத்தில் எழுதுவேன். பந்தயத்தில் ஒரு சதமும் கட்டியதில்லை. சரியாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது ஒன்றே என் ஆசை.

மச்சான் இரண்டு வருடத்துக்கு முன் போனில் பந்தயச் செயலி ஒன்றை இறக்கினான். முதல் நாள் என்னிடம் வந்து கேட்டான்.

"மச்சான், உதிலை ஒரு பெயருக்குப் பக்கத்திலை மைனஸ், மற்றதுக்குப் பிளஸ் எண்டு கிடக்குது. உது என்ன கோதாரி?"

விளங்கப்படுத்தினேன். இந்தப் பந்தயத்தில் யார் வெல்வது என்பது கேள்வியே இல்லை. பலமான அணிக்கு மைனஸ் ஏழரை என்று போட்டிருந்தால், அது எட்டுப் புள்ளியாலாவது வென்றால்தான் அதில் கட்டியவனுக்குக் காசு. பலவீனமான அணிக்குப் பிளஸ் ஏழரை. அது வென்றாலும் சரி, ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் சரி, அதில் கட்டியவன் வென்றான். அரைப் புள்ளி எந்த ஆட்டத்திலும் கிடையாது. சமமாக வரக்கூடாது என்பதற்காகவே அந்த அரை. ஏழுக்கும் காரணம் உண்டு. பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்தால் ஐந்து, அதன்பின் கம்பத்துக்கு நடுவால் உதைத்தால் இரண்டு. அதனால் ஏழரை என்ற எண் அடிக்கடி வரும்.

அங்கேதான் சனியன் பிடித்தது. உண்மையாகவே சனியன். மச்சானுக்கு அப்போது ஏழரைச் சனி தொடங்கி ஒரு வருடம். ஊரிலிருந்து குறிப்புப் பார்த்துச் சொல்லியிருந்தார்கள். அதன்பிறகு அவன் ஏழரை என்ற சொல்லை வாயில் எடுப்பதில்லை. காலை ஏழரைக்கு வேலை தொடங்கினாலும் "ஏழு முப்பது" என்பான். ஆட்டத்தில் அந்த எண் வந்தால் ஆங்கிலத்தில் "செவின் அன்ட் எ ஹாஃப்" என்பான்.

"சனீஸ்வரனுக்கு இங்கிலிஷ் விளங்காதெண்டு நினைச்சீரோ?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கனடாவுக்கு இப்பதானே வந்திருக்கிறார், பழகக் கொஞ்ச நாள் செல்லும்" என்றான். சிரித்தேன். அன்றைக்கு அது எனக்குப் பகிடியாக இருந்தது.

தங்கை ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை ஒன்பது மணிக்குக் கோயிலுக்குப் போவாள், அவனுடைய ஏழரைக்காக எள்ளெண்ணெய் எரிக்க. அவள் காரை எடுத்துக்கொண்டு போனதும் அவன் பேஸ்மென்டுக்கு இறங்கி டிவியைப் போட்டு, போனைக் கையில் எடுப்பான். அவள் அங்கே சனிக்கு எண்ணெய் ஊற்றுகிறாள், இவன் இங்கே அதே சனிக்கிழமையில் வீட்டுக் காசை ஊற்றுகிறான். நான் பக்கத்தில் டயறியோடு இருந்தேன். அவன் "இண்டைக்கு என்ன?" என்று கேட்பான், நான் வாசிப்பேன். என் எண்களை இன்னொருவர் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மேல்மாடி நடையில் ஒரு வாளி இருந்தது. கூரை ஒழுகியது. கூரை மாற்ற வைத்திருந்த காசு குறைந்துகொண்டே போவதைத் தங்கை கண்டுபிடித்தாள். எவ்வளவு என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை கோயிலுக்குப் புறப்படும் முன் எண்ணெய்ப் போத்தலைப் பையில் வைத்துக்கொண்டே குசினியில் என்னிடம் பேசினாள்.

"அண்ணா, நீங்கள் சொன்னால்தான் அவர் கட்டுவார். உங்கடை கொப்பியிலை இல்லாட்டி அவருக்குப் பயம். உங்கடை வாயை மட்டும் மூடுங்கோ, காணும்."

"சரி பிள்ளை."

"சத்தியமோ?"

"சத்தியம்."

"எனக்கு இஞ்சை உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?"

அது வெறும் பேச்சல்ல. வங்கியிலிருந்து கடிதம் வந்தாலும், டொக்டர் சொன்னது விளங்காவிட்டாலும், முதலில் எனக்குத்தான் போன் அடிப்பாள். நான் ஒன்றைச் சொன்னால் அது அப்படியே இருக்கும் என்பது அவளுக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். எனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு நம்பிக்கை.

ஒன்பது சனிக்கிழமை வாயை மூடியிருந்தேன். அவன் கேட்பான், நான் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு டிவியைப் பார்ப்பேன். பத்தாவது சனிக்கிழமை அவன் கேட்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தான்.

"உமக்கு இப்ப பிடிபடுறேல்லைப் போலை. வயசும் போட்டுது. பாவம்" என்றான். பிறகு டிவியைக் காட்டி, "உவன் சொல்லுறான் சிவப்பு இருபதாலை வெல்லுமாம்."

"உவனுக்கு என்ன தெரியும்? அங்கை மழை, காத்து. பந்து கையிலை நிக்காது. இருபது எங்கை வரும்? ஏழுக்கு மேலை போகாது. நீலத்துக்குப் பிளஸ் ஏழரை போட்டிருக்கிறான், அதுதான் சரியான எண்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. அவன் உடனே போனை எடுத்து அமத்தத் தொடங்கினான். என்னைச் சாவி கொடுத்த பொம்மை மாதிரி முடுக்கிவிட்டான், நானும் ஆடினேன். வாயை மூடியிருக்க வேண்டியவன் டயறியைத் திறந்து அதை எழுதவும் செய்தேன்.

ஆட்டம் நான் சொன்னபடி போனது. மழையில் பந்து வழுக்கியது. எண்பதாவது, கடைசி நிமிடம் சிவப்பு இருபத்திநாலு, நீலம் இருபது. சிவப்புக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. பந்தை வெளியே அடித்து முடித்திருக்கலாம். ஆனால் அவர்களுடைய கப்டன் கம்பத்தைக் காட்டினான், உதைத்தார்கள், மூன்று புள்ளி. இருபத்தியேழு, இருபது. வித்தியாசம் ஏழு. நான் கட்டத்தில் எழுதி நிமிர்ந்தேன். மச்சான் ரிமோட்டைச் சோபாவில் எறிந்துவிட்டு எழும்பி நின்றான்.

"ஏன் எறியிறீர்? வெண்டிட்டீர்தானே" என்றேன்.

"எங்கை வெண்டது? ஆறரையெல்லோ போட்டனான்!"

"ஆறரையோ? நான் சொன்னது ஏழரை."

"ஏழ்... உதை ஆராவது தன்ரை கையாலை அமத்துவானோ? அதுவும் சனிக்கிழமை! ஒண்டைக் குறைச்சுப் போட்டனான். குறைச்சால் காசும் கூடத் தாறான்."

அந்தச் செயலியில் எண்ணை முன்னே பின்னே நகர்த்தலாம். ஆபத்துக் கூடினால் காசும் கூடும். இந்த மனிதன் ஒரு கிரகத்துக்குப் பயந்து என் எண்ணை நகர்த்தியிருக்கிறான். ஏழரை என்று போட்டிருந்தால் வென்றிருப்பான். ஏழரையிலிருந்து தப்ப ஓடி, நேரே அதன் வாயில் விழுந்திருக்கிறான்.

"ஒண்டைக் குறைச்சால் அது என்ரை கணக்கில்லை."

"ஒரு புள்ளிதானே மச்சான்!"

"அந்த ஒரு புள்ளிக்காகத்தானே உந்தக் கோதாரி முழுக்க!"

"கத்தாதையும். உம்மடை கணக்குப் பிழைச்சுப்போச்சு. ஒத்துக்கொள்ளும்."

அப்போதுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எழும்பி நின்றேன். டயறியை முகத்துக்கு நேரே பிடித்தேன். நீதிமன்றத்தில் சாட்சி வாசிப்பதுபோல, இரண்டு வீடு தள்ளியும் கேட்கும் குரலில் வாசித்தேன்: "சனி. காலை எட்டு ஐம்பத்தைந்து... இல்லை, ஒன்பது ஐந்து. மச்சானுக்குச் சொன்னது: நீலம், பிளஸ் ஏழரை. ஏழுக்கு மேல் தோற்காது."

அவசரத்தில் மேல்வரியின் நேரத்தை வாசித்துவிட்டேன். அந்த நேரத்திலும் அதைத் திருத்திக்கொண்டேன். நான் அப்படிப்பட்டவன்.

அவன் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பினேன். படியில் தங்கை. அன்று கோயிலில் சனம் குறைவு, வழக்கத்தைவிட வேளைக்கு வந்துவிட்டாள். குளிர் கோட், நெற்றியில் திருநீறு, கையில் அவனுக்காகக் கொண்டுவந்த பிரசாதப் பொட்டலம்.

"வாசிச்சு முடிச்சிட்டியளோ?" என்று கேட்டாள்.

டயறியை இறக்கினேன்.

"எனக்குச் சத்தியம் பண்ணினதும் உதிலை இருக்குமே அண்ணா. அதையும் வாசியுங்கோ."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் எல்லாவற்றையும் எழுதுகிறவன் என்பது அவளுக்குத் தெரியும். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். இருந்தது. "சனி. மழை. இரண்டு பாகை. தங்கைக்குச் சத்தியம்: இனி மச்சானுக்கு எண் சொல்வதில்லை." முதலில் வாசித்த குரல் வரவில்லை. அவள் பொட்டலத்தைப் படியில் வைத்தாள்.

"உங்கடை கணக்குச் சரிதான்" என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே மேலே போனாள்.

அஜின்கோர்ட்டில் என் வீட்டுக்குப் போய்ச்சேரப் பதினேழு நிமிடம். அந்தப் பதினேழு நிமிடமும் நான் யாரைத் திட்டினேன் என்பதை உண்மையாக எழுதுகிறேன். முதலில் மச்சானை. பிறகு, ஆட்ட இடைவேளை தவறாமல் சிரித்த முகங்களைக் காட்டி, அளவோடு விளையாடுங்கள் என்று சொல்லிக்கொண்டே எங்கள் வீடுகளுக்குள் கையை விடுகிற விளம்பரக்காரர்களை. பிறகு, பந்தை வெளியே அடிக்காத அந்தக் கப்டனை. தங்கையின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகு. அவ்வளவு நேரமும் 'பிழைச்சுப்போச்சு' என்ற ஒரு சொல்தான் என்னைக் குத்திக்கொண்டிருந்தது. அதற்காக என்மேல் வந்த கோபம் மற்ற எல்லாக் கோபத்தையும்விடப் பெரியது. அது இன்னும் இறங்கவில்லை.

ஆறு நாள் அவள் போன் அடிக்கவில்லை. நான் இரண்டு தரம் அடித்தேன், எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணி ஐந்து நிமிடத்துக்குப் போன் அடித்தது. மச்சான். பிளாசா ஒன்றில் காரை நிறுத்திவிட்டுப் பேசுகிறான். பின்னால் தள்ளுவண்டிகள் உருளும் சத்தம்.

"என்ன மச்சான், இன்னும் கோவமோ? விடும். அவள் ஆறிப்போவாள். நாளைக்கு என்ன மாதிரி?"

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"ஏழரை எண்டாலும் பரவாயில்லை" என்றான். முதல் தடவையாக அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னான். "அமத்துறன். சனீஸ்வரனை நான் சமாளிக்கிறன். நீர் எண்ணை மட்டும் சொல்லும்."

போனை வைத்தேன். டயறியைத் திறந்து, அவன் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். பிறகு தங்கைக்கு அடித்தேன். இந்தமுறை எடுத்தாள். ஹலோகூடச் சொல்லவில்லை.

"பிள்ளை, மச்சான் இப்ப எனக்கு அடிச்சவர். நாளைக்கு எண் கேட்டவர்."

"குடுத்தியளோ?"

"இல்லை."

அவள் நம்புகிறாளா என்று என்னால் கணிக்க முடியவில்லை.

"எழுதி வைச்சிட்டியளோ?"

"ஓம்."

"வாசியுங்கோ."

வாசித்தேன். நேரம், தள்ளுவண்டிச் சத்தம், ஏழரை, எல்லாம். முடித்ததும் சொன்னாள்:

"கூரைக் காசிலை இரண்டு மூண்டு தரம்தான் கட்டினவர் எண்டு எனக்குச் சொல்லியிருக்கிறார். நாளைக்கு வீட்டை வராதையுங்கோ. ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. இந்த இரண்டு வருசத்துக் கொப்பியளையும் கொண்டுவாங்கோ. அவரை வைச்சுக்கொண்டு வாசிக்க வேணும்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும். அவர் கேட்டதையும், நீங்கள் சொன்னதையும்."

வைத்துவிட்டாள். அலுமாரியிலிருந்து டயறிகளை எடுத்துப் பையில் அடுக்கினேன். அவன் கேட்ட சனிக்கிழமைகளில் கடதாசித் துண்டு வைக்கத் தொடங்கினேன், வாசிக்க லேசாக இருக்கும் என்று. ஒரு கட்டத்தில் துண்டுகள் முடிந்துபோய், இன்னும் கிழிக்க வேண்டியிருந்தது.