நாலாம் பிடி

பழையாறை அரண்மனைப் பணிப்பெண்கள் குடியிருக்கும் வேளத்தில் நாங்கள் இருநூறு பேர். அரண்மனை வேலைக்கென்றே பிறந்தவர்கள் என்று பெருமை பேசுவோம். பிடித்து வரப்பட்டவர்களின் மக்கள் என்று உண்மையைச் சொன்னால் யாருக்குச் சோறு இறங்கும்? அந்த இருநூறு பேரில் அரநெறிச் சித்தியைப்போலப் பசி தாங்காதவள் கிடையாது. அவளைக் கெடுத்ததும் அந்தப் பசிதான்.

இளைய தேவியார் பட்டமேறிய அன்று, வழக்கப்படி நான்கு பெண்கள் அவர் இலையிலிருந்து ஆளுக்கொரு பிடி சோறு வாங்கித் தின்று, தேவியார் இருக்கும்வரை இருப்போம், அவர் போகும் நாளில் போவோம் என்று சத்தியம் செய்ய வேண்டும். நான்காமவள் காய்ச்சலில் விழுந்து வரவில்லை. மூன்று பேரோடு சடங்கை முடித்துவிட்டார்கள். நாலாம் பிடி இலையோரம் கிடந்தது. இலை எடுக்கப் போன சித்தி அப்போது ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. நெய்ச்சோறு வேறு. அங்கேயே குனிந்து வாயில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தால் வாசலில் தேவியார்.

"அப்ப நீயும் நம்ம ஆளுதானா?" என்று சிரித்தாராம்.

"நான் சத்தியம் சொல்லலியே அம்மா, பசிக்குத் தின்னேன்," என்றாளாம் இவள்.

சொல்லாத சத்தியம் கட்டாது என்று அவள் எண்ணம். மண்டு! தின்பதுதான் சத்தியம், வாயால் சொல்வதெல்லாம் ஊருக்காக. வேளத்தில் பிறந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?

எட்டு வருடம் கழித்து மன்னர் போருக்குப் போய்ப் பிணமாகத் திரும்பினார். தேவியார் தீயில் இறங்கினார். பின்னால் அந்த மூன்று பெண்கள். இறங்குமுன் தேவியார் திரும்பி அவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். மூன்றாமவளைத் தாண்டியும் பார்வை நகர்ந்து, ஆளில்லாத இடத்தில் சற்று நின்றது. கூட்டத்தின் கடைசியில் சித்தி தன் மகள் பூவணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பூவணமும் நானும் ஒரே வயது. நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

அடுத்த வருடம் தேவியாரைப் போலவே ஒரு செப்புத் திருமேனி வார்த்துக் கோயிலில் நிறுத்தினார்கள். குளிப்பாட்டி, புடைவை கட்டி, உச்சிவேளையில் அமுது படைக்க ஆள் வேண்டும். தேவியாரின் ருசி அறிந்தவள் என்று சித்தியையே போட்டார்கள்.

படைத்துக் கதவைச் சாத்தி, சற்றுப் பொறுத்துத் திறப்பார்கள். முதல் நாளே இலையோரத்தில் ஒரு பிடி சோறு தனியாக ஒதுங்கியிருந்தது. அதில் விரல் தடம் தெரிந்தது.

"எலியா இருக்கும்டி," என்றார் பூசை செய்யும் நம்பி.

"எலி தின்னும் சாமி. பிடிச்சு ஒதுக்கி வைக்குமா?"

மறுநாளிலிருந்து நம்பி அந்தக் கதவருகே நிற்பதையே விட்டுவிட்டார். மகா தைரியசாலி.

சித்தி தினமும் அந்தப் பிடியை ஆற்றில் கரைத்தாள். ஒரு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, பூவணம் அதை எடுத்துத் தின்றுவிட்டாள். நான்தான் கூட இருந்தேன். எனக்கும் நாக்கில் நீர் ஊறியது, அவள் முந்திக்கொண்டாள். அதை நினைத்தால் நிம்மதியாகவும் இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது.

சாயங்காலம் பூவணத்தின் உடம்பு கொதித்தது. ஈரத்துணி போட்டால் ஆவி பறந்தது.

"அம்மா, தள்ளி நில்லு, புகை வருது," என்றாள். வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. பிறகு கண்ணை மூடியபடியே சொன்னாள்: "மூணு பேரு நிக்கிறாங்கம்மா. நாலாவது நீதானான்னு என்னைக் கேக்குறாங்க."

மறுநாள் உச்சிவேளை. கதவு திறந்ததும் சித்தி உள்ளே போய், ஒதுங்கியிருந்த பிடியை எடுத்து எங்கள் எல்லார் கண் முன்னாலும் தின்றாள்.

"நாலாவது நான்தான். தேவியார் இருக்கிற வரைக்கும் இருப்பேன், போற அன்னைக்குப் போவேன். புள்ளைய விட்டுடுங்க."

திருமேனியின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது. நம்பி அதை எண்ணெய் என்று சாதித்தார்.

வீட்டுக்கு ஓடினோம். பூவணம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். சித்தி புதுப்புடைவை கட்டிக்கொண்டு மூன்று நாள் சாவுக்குக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. சோறு ஒதுங்குவதும் நின்றுபோயிற்று. தப்பித்தோமடா என்று நாங்களும் மறந்துவிட்டோம்.

பூவணம் ஒருவனைக் கட்டி, நாலு பெற்று, பல் விழுந்து, கூன் விழுந்து, போன மாசியில் படுத்தவள் எழவில்லை. பாடை கட்ட வந்த புது ஆள் சித்தியைப் பார்த்தான். அவள் தலையில் ஒரு நரை இல்லை.

"பேத்தியாம்மா? பாட்டிக்கு வாய்க்கரிசி போடு," என்றான்.

தன் மகளுக்குப் போட்டாள்.

ஆற்றில் முழுகிக் கரையேறும்போது என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று, கனமாக இருந்தது.

"ஏண்டி, எல்லாம் தெரிஞ்சவ மாதிரி பேசுவியே. சொல்லு, செம்பு எப்ப சாகும்?"

உச்சிவேளை ஆகிவிட்டதென்று அவள் கோயிலுக்கு நடந்தாள்.