அம்மாவுக்குக் கவுச்சி இல்லாத சாக்லேட் பால்

பொம்மசந்திராவில் ஒரு பால் கம்பெனியில், சாக்லேட் பால் போடும் பிரிவில் எனக்கு வேலை. அந்தப் பால் என்றால் அம்மாவுக்கு உயிர். நசுங்கிப்போன டப்பாக்களை எங்களுக்கே கொடுத்துவிடுவார்கள். ஈஜிபுரா வீட்டில் நான் செருப்பைக் கழற்றும் முன்பே அம்மா கையை நீட்டுவாள். ஆஸ்பத்திரியிலும் கேட்டாள். வாய் வழியாக எதுவும் தரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கொண்டே போய்விட்டாள். அதனால் பதினாறாம் நாள் படையலில் வடை இல்லாவிட்டாலும் அந்தப் பால் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

என் வாய்தான் கெடுத்தது. ஜோகுபாளையத்திலிருந்து வந்த பெரியம்மா டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள்.

"இவ்ளோ கெட்டியா இருக்கே, மாவு கலக்குறாங்களாடி?"

"மாவு இல்ல பெரியம்மா. கடல்பாசிலருந்து எடுக்குற பொடி. சூட்டுல கரைஞ்சிடும். ஆறும்போது பாலோட சேந்து வலை மாதிரி ஆயிடும். கோகோ அதுல மாட்டிக்கும், அடில போய் உக்காராது. கொஞ்சூண்டு போட்டா போதும்."

வலை என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

"கடலு, வலை. அப்போ கவுச்சிதான். காரியம் முடியாம வீட்ல கவுச்சி ஆவாது."

அம்மாவின் தம்பி, என் மாமா, எனக்காகப் பேசினார். "பாசி செடி மாதிரிக்கா. மீனு இல்ல."

"மீனு கூடதானடா வளருது."

"உப்பும் கடல்லருந்துதான் வருது."

"சும்னிரு. உப்புக்கு உசுரு இருக்கா?"

"வாழக்காய்க்கு இல்லியா?"

பெரியம்மா தன் கையிலிருந்த வாழைக்காயை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். டப்பா வாசலுக்குப் போய்விட்டது.

கடைக்கு ஓடிப்போய் கோகோ வாங்கிவந்து, பாலில் சர்க்கரையோடு நானே காய்ச்சினேன். சில்வர் டம்ளரில் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் கோகோ கீழே இறங்கத் தொடங்கியது. பிடித்து நிறுத்த அதில் வலை இல்லையே. இலையில் சோறு, பொரியல் எல்லாம் வைக்கும்வரை மாமா, அம்மாவின் படத்தின் முன்னால் உட்கார்ந்து ஸ்பூனால் கலக்கிக்கொண்டே இருந்தார். கற்பூரம் காட்டும்போதும் அவர் கை நிற்கவில்லை.

எங்கள் வழக்கப்படி, இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்போம். மாமாவும் ஸ்பூனோடு வெளியே வந்துவிட்டார். உள்ளே கலக்க யாரும் இல்லை. அம்மாவுக்கு இன்றைக்கும் சாக்லேட் கிடைக்காது, வெறும் பால்தான்.

கதவைத் திறந்ததும் பெரியம்மா நேராக டம்ளரைத்தான் பார்த்தாள். மேலே பால் வெளுத்துக் கிடந்தது.

"பாருடா. சாக்லேட்ட மட்டும் உறிஞ்சிட்டு பால வெச்சிட்டு போய்ட்டா. திருடி." பெரியம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் காலை மிதித்தேன்.

"மிச்சத்த நான் குடிச்சிடுறேன் பெரியம்மா."

டம்ளரை எடுத்துத் திரும்பி நின்று, அடியில் சேறாகத் தங்கியிருந்த கோகோ வரைக்கும் ஒரே மூச்சில் விழுங்கினேன். பிறகு வெகுநேரம் யாரிடமும் பல் தெரியப் பேசவில்லை.