மேட்டு மரத்தை நம்பாத முத்து பாஸ்

செய்தி வந்தபோது நல்ல வெயில். ஓப்பநாயக்க கடைத்தெருவில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் என் பூல் கூடத்தில், மேசைத் துணியைத் தூரிகையால் வாரிக்கொண்டிருந்தேன். முத்து பாஸின் மனைவி செல்வியின் தம்பி அழைத்தான். "அண்ணே, மச்சான் இல்லண்ணே. மேடு சரிஞ்சு இறங்கிருச்சு" என்றான். நான் முட்டாள்தனமாக, மழைதான் விட்டுவிட்டதே என்றேன். அவன் அழுதுகொண்டிருந்தான்.

முத்து பாஸை உங்களில் பலருக்குத் தெரியும். தேயிலைத் தோட்டத்துத் தச்சர். தச்சரையும் மேசனையும் இந்தப் பக்கம் தமிழரும் சிங்களவரும் 'பாஸ்' என்றுதானே கூப்பிடுகிறோம். உங்கள் மம்பட்டிகளுக்குப் பிடி போட்டவர், கதவு இறுகினால் வந்து இழைத்துக் கொடுத்தவர். பாதிப் பேரோடு சண்டை போட்டவரும் அவர்தான். என் வயதுக்காரர். உயிரோடு இருந்தவரை 'டா' போட்டுப் பேசிய மனிதரை இப்போது 'அவர்' என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் செத்தவனைத் திட்டக்கூட மரியாதை வேண்டியிருக்கிறது. நான் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன்.

எங்கள் பழக்கம் ஓர் உடைசலில் தொடங்கியது. பூல் விளையாட்டில் முதல் அடிக்கு பிரேக் என்று பெயர். முக்கோணமாக அடுக்கிய பந்துகளைக் கோலால் ஒரே அடியில் சிதறடிக்க வேண்டும். என் கூடத்துக்கு வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் மாணிக்கக் குழிக்காரர்கள். கல் கிடைத்த அன்று அவர்கள் அடிக்கிற அடியில் மேசையே நகரும். அப்படி ஒருவர் அடித்தபோது, கொழும்பிலிருந்து நான் வாங்கி வந்த கோலின் முன்தண்டு நீளவாக்கில் பிளந்து சிலாம்பு அவர் உள்ளங்கையில் ஏறிவிட்டது. கூடமே அவரைச் சுற்றி நின்றது. ஜன்னல் பழுதுபார்க்க வந்திருந்த முத்து பாஸ் மட்டும் உடைந்த தண்டைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நாரு பாதி வழியில வெளிய ஓடிருச்சு. இத அறுத்தவன் மரத்தப் பாக்கல, அளவத்தான் பாத்திருக்கான்" என்றார். ரத்தம் சிந்துகிறவரை அவர் பார்க்கவே இல்லை. எனக்கு அப்போது ஆத்திரமாக வந்தது. ஆனால் அடுத்த கிழமையே அவர் வீட்டுக்குப் போய் நின்றேன்.

சாதாரண ஆட்டத்துக்குக் கோல் செய்ய மாட்டேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பிரேக் அடிக்கிற கோல்தான் செய்வார், அதிலும் முன்தண்டு மட்டும். அதற்கு மரம் தேடியதே ஒரு பெரும் பாடு. ரப்பர் மரம் நேராக இருக்கும், ஆனால் அடிக்கு நெளிந்து பாதி வேகத்தைத் தானே தின்றுவிடும். பலா விறைப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் முறிந்தது. முதிரை நன்றாகப் பொருந்தியது. ஆனால் அது காய்ந்த பிரதேசத்து மரம், நம் பக்கம் நல்ல துண்டு அகப்படாது. கடைசியில், மம்பட்டிக்குப் பிடி போடும் மில்ல மரத்திலேயே வந்து நின்றார். நாள் முழுக்கக் கல்லில் மோதினாலும் பிடி தாங்குகிறது, பந்தில் மோதினால் தாங்காதா என்பது அவருடைய கணக்கு.

அவர் மரத்தை வாளால் அறுத்துத் துண்டு போட மாட்டார், கோடாலியால் பிளப்பார். "வாளு நீ சொல்றபடி போவும். கோடாலி நாரு சொல்றபடி போவும்" என்பார். பிளவு ஓரத்துக்கு ஓடினால் அந்தத் துண்டு அடுப்புக்கு. நேராக இறங்கியதைத்தான் வீட்டுப் பக்கத்து வேலைக் கொட்டிலின் கூரைக் கைமரத்தில் கட்டித் தொங்கவிடுவார். ஒரு மழைக்காலம் முழுக்கத் தொங்க வேண்டும். பிறகு கொஞ்சம் இழைப்பார், மறுபடி தொங்கவிடுவார். குழிக்காரர் ஒருவர் அவசரப்படுத்தியபோது, "ஹரி மாத்தயா, சரிதாங்க ஐயா, கடயில போயி வெளக்குமாத்துக் குச்சி வாங்கிக்கிங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் அதற்குப் பிறகு என் கூடத்துக்கும் வரவில்லை. நட்டம் எனக்குத்தான்.

இத்தனை பார்த்துச் செய்த மனிதருக்கு ஆட வராது. பிரேக் மட்டும் இடி விழுந்ததுபோல் அடிப்பார். பந்துகள் நாலு பக்கமும் தெறிக்கும், கூடமே திரும்பிப் பார்க்கும். அதற்கப்புறம் குழி வாயில் உட்கார்ந்திருக்கும் பந்தைக்கூட உள்ளே தள்ளத் தெரியாது. நாங்கள் சிரித்தால், "நான் வந்த வேல முடிஞ்சிருச்சுப்பா" என்று கோலை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார்.

இனி நான் எழுத விரும்பாத பகுதி. ஒருநாள் மரம் பார்க்க அவரோடு போனேன். அவர் குடியிருந்த மூன்றாம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் மேடு. மேடு நிறைய மில்ல மரம். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் மரம் இருக்க, இந்த மனிதர் ஓடைக்கரைவரை நடந்து போவதைப் பார்த்து எனக்கு எரிச்சல். ஏன் இதில் ஒன்றை வெட்டக்கூடாது என்று கேட்டேன். என்னை மேலே கூட்டிப்போய் ஒவ்வொரு மரத்தின் அடியையும் காட்டினார். எல்லாமே மண்ணிலிருந்து பள்ளத்துப் பக்கம் சாய்ந்து கிளம்பி, முழங்கால் மடக்கியதுபோல் வளைந்து, அப்புறம்தான் நேராகியிருந்தன. முன்பு ஒன்றை வெட்டிப் பார்த்தாராம். அடியில் அறுத்துச் சாய்க்கும்போதே மரம் வாளைக் கவ்விப் பிடித்ததாம். இழைத்துத் தொங்கவிட்ட தண்டு வில்லாக வளைந்துவிட்டதாம். "இந்த மேட்டு மரம் ஒண்ணுக்கும் ஆவாது. காத்து வளச்சிப்புடுச்சு" என்றார். நானும் தலையாட்டினேன். கீழே லயத்துக் கொடியில் துணிகள் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தப் பள்ளத்தில் காற்று ஏது?

எனக்கு அவர்மேல் கோபம் இந்த இடத்தில்தான். வளைந்த மரத்தைத் தெரிந்துகொண்ட மனிதர், அதை வளைத்தது எது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. கோலுக்கு ஆகாது என்று தெரிந்ததும் அவருக்கு அந்த மேட்டின்மேல் இருந்த அக்கறை தீர்ந்துவிட்டது.

இந்த முறை அடைமழை தொடங்கியதும் லயத்தில் எல்லோரையும் பாடசாலைக்கு இறக்கினார்கள். இரண்டு நாள் வெயில் அடித்ததும் ஒவ்வொருவராக மேலே போனார்கள். ஈரப் பாயைக் காயப்போட வேண்டும், கோழிக்குத் தீனி போட வேண்டும், என்னதான் செய்வார்கள்? முத்து பாஸும் போனார். செல்வி மகளோடு தண்ணீர்ப் பீலியில் துணி அலசிக்கொண்டிருந்த நேரத்தில் மேடு இறங்கியது. அவர் கொட்டிலில் இருந்தார். கீழ்க் கிராமத்துச் சிங்களப் பையன்கள்தான் முதலில் ஓடிவந்து தோண்டினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர்மேல் கிடந்த உத்தரத்தைக் கிளப்ப நெம்புகோல் இல்லாமல், கைமரத்திலிருந்து விழுந்த மில்லத் துண்டுகளையே எடுத்து நெம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றைப் பிடித்துத் தொங்கினேன். ஒன்றுகூட உடையவில்லை. அவரைத்தான் உயிரோடு எடுக்க முடியவில்லை.

பிறகு மண் பரிசோதிக்கும் இளம்பெண் ஒருவர் வந்தார். சரியாமல் நின்ற பக்கத்துக்கு ஏறியவர், மரங்களின் அடியைப் பார்த்து நின்றுவிட்டார். இந்த மண் பல வருசமாக மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது, மண் சாய்க்கச் சாய்க்க மரம் நிமிரப் பார்த்திருக்கிறது, அதனால்தான் இந்த வளைவு என்று சிங்களத்தில் விளக்கினார். செல்வி பக்கத்தில் நின்று கேட்டார். சிங்களம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

கருமாதியன்று, மறுபடி பாடசாலையில் தங்கியிருந்தவர்களிடம் தோட்டத்திலிருந்து ஆள் வந்து, பாடசாலை திறக்கப் போகிறார்கள், மூன்றாம் லயத்துக்காரர்களுக்கு ஐந்தாம் லயத்தில் காலியாகக் கிடக்கும் வீட்டுக் காம்பராக்களைத் தருகிறோம் என்றார். ஐந்தாம் லயம் அதே மேட்டின் மறுமுனையில் இருக்கிறது. அங்கே மண் விழவில்லை என்பது அவர்கள் பேச்சு. மரங்கள் அங்கேயும் முழங்கால் மடக்கித்தான் நிற்கின்றன. போக இடமில்லாதவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். செல்வி எழுந்தார்.

"அவரு அந்த மேட்டு மரத்த ஒரு குச்சிக்குக்கூட நம்பலைங்க. அதுக்குக் கீழ நான் எம் புள்ளயப் படுக்க வைக்க மாட்டேன்."

வேறு எங்கேம்மா போவாய் என்று ஒரு பெரியவர் கேட்டார். தெரியவில்லை என்றார் செல்வி. "போக எடமில்லன்னா அந்த மேடு நம்மள விட்டுருமுங்களா?"

அவர் இப்போது மகளோடு நிவித்திகலயில் தம்பி வீட்டில் இருக்கிறார். ஒரே அறையில் ஏழு பேர். மற்றவர்களில் பலர் ஐந்தாம் லயத்துக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் தங்குவது கடைத்தெருவில், சீமெந்துக் கட்டடத்தில்.

முத்து பாஸ் செய்த கோல்கள் கூடத்தில் இருக்கின்றன. அவை ஆட வருகிறவர்களுக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவருடைய சந்தேகத்தை. அவர் அதை மரத்தோடு நிறுத்திவிட்டார். நான் மண்வரை கொண்டுபோகப் பார்க்கிறேன். மழை பிடித்தால் கூடத்தைப் பூட்டிவிட்டு ஐந்தாம் லயத்துக்கு ஏறுகிறேன். காம்பரா காம்பராவாகப் போய், இறங்கி வாங்க, என் கூடத்தில் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துத் தருகிறேன் என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். நேற்று மத்தியானமும் மழை. இரண்டு குடும்பங்கள் என்னோடு இறங்கி வந்தன. மற்றவர்கள், "வெயில் வந்துருமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார்கள்.