வெறும் வாயை விழுங்குவது

மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகையைப் பற்றி என்னால் அரைமணி நேரம் நிறுத்தாமல் பேச முடியும். கேட்பவர்கள்தான் கால்மணியில் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் ஒரு கிண்ணம் கேப்பைக் கஞ்சியை என் மகனுக்கு ஊட்டத் தெரியாது என்பது போன ஆடி மாதம்தான் வெளியே வந்தது.

மகனுக்கு ஒன்பது வயது. பிறப்பிலேயே பெருமூளை வாதம். கையும் காலும் அவன் சொல் கேட்காது; நாக்கும் தொண்டையும் அதே கட்சி. திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் அவனைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் என் மனைவியின் இலாகா. கருத்துச் சொல்வது என் இலாகா.

ஒருநாள் அவனைக் கட்டிலிலிருந்து தூக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்றார் டாக்டர். சில வாரம் எதையும் தூக்காமல், குனியாமல் படுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆபரேஷன்.

தூக்குவதை நான் ஏற்றுக்கொண்டேன். என் இடுப்பு அதுவரை உபயோகிக்காமல் புதுசாகவே இருந்தது. சிக்கல் கஞ்சியில் வந்தது. நான் ஊட்டினால் பையன் வாயில் வாங்கிக்கொள்வான், விழுங்க மாட்டான். கொஞ்சம் யோசித்து, கடைவாயோரமாக வழியவிடுவான். அல்லது புரையேறும்.

பக்கத்து அறையில் பாயில் படுத்தபடி மனைவி விசாரணை நடத்துவாள்.

“தாடைய புடிச்சிக்கினீங்களா?”

“புடிச்சேன்.”

“தலைய அண்ணாக்க வுடாதீங்க. ஸ்பூனு கீழருந்து வரணும்.”

“கீழருந்துதான் வருது.”

“அப்பறம் ஏன் முழுங்க மாட்றான்?”

“அத அவனத்தான் கேக்கணும்.”

அடுத்து அவள் தரையில் கையூன்றும் சத்தம் கேட்கும். “மாதாவே” என்று ஒரு முனகல். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். கிண்ணம் காலியாகிவிடும். மூன்று வேளையும் இதே கதை. இப்படி எழுந்துகொண்டே இருந்தால் ஆபரேஷன் நிச்சயம். அவள் ஆஸ்பத்திரியில் படுத்தால் இவனுக்கு யார் ஊட்டுவது?

அதே கஞ்சி, அதே ஸ்பூன். வித்தியாசம் எங்கே என்று எனக்குக் குடைச்சல் எடுத்துவிட்டது. அவளுடைய வாசனையாக இருக்குமோ என்று அவள் புடவை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஊட்டிப் பார்த்தேன். பையன் சிரித்தான். கஞ்சி முழுவதும் என் சட்டையில்.

“என்னா வேஷம் இது?” என்றாள் மனைவி, வாசற்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

சனிக்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கேதான் அவனுக்கு உடற்பயிற்சி சிகிச்சை. பயிற்சி முடிந்ததும் தாழ்வாரத்தில் அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து பிள்ளைகளுக்கு ஊட்டுவார்கள். அன்று அம்மாக்களுக்கு நடுவே ஒரே ஆண்பிள்ளை நான்.

“அக்கா வரலீங்களாண்ணா?” என்று கேட்டாள் பக்கத்துக் காணை கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண்.

“இடுப்பு.”

“எங்களுக்கும் அதேதாண்ணா. இங்க ஒரு தைல டப்பா வாங்குனா ஒரு வாரத்துக்குத் தாங்காது.”

பேசிக்கொண்டே தன் பிள்ளைக்கு ஊட்டினாள். ஸ்பூன் உள்ளே போனதும் பேச்சை நிறுத்தி, உதட்டை மூடி, வெறும் வாயை ஒருமுறை விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையும் விழுங்கியது. மறுபடியும் ஸ்பூன், மறுபடியும் அதே. அடுத்திருந்தவளைப் பார்த்தேன். அவளும். அதற்கடுத்தவளும்.

“என்னாண்ணா, அப்பலேருந்து எங்க கழுத்தையே பாத்துக்கினு இருக்கீங்க? எல்லாம் கவரிங்தான்.”

தாழ்வாரமே சிரித்தது. எனக்கு வியர்த்துவிட்டது. நரைத்த மீசையோடு இந்த வயதில் இப்படி ஒரு பெயரா? அவசரமாக விஷயத்தைச் சொன்னேன்.

“நானா? நான் எங்க முழுங்குறேன்?”

“முழுங்குறடி. இப்பக்கூட முழுங்குன.”

“நீ மட்டும் என்னாவாம்? மீனு மாரி வாயத் தொறந்து தொறந்து மூடுற.”

ஒருவரையொருவர் நடித்துக் காட்டிச் சிரித்து ஓய்ந்தார்கள். காணைப் பெண் மட்டும் ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“எங்க மாமியா ஊட்டுனா துப்பிடுறாண்ணா. அதனாலயே நான் ஒரு கல்யாணம் காச்சிக்குப் போனதில்ல. இதுக்குத்தானா?”

“எனக்கும் தெரியலம்மா. வீட்டுக்குப் போயி பாத்தாத்தான் தெரியும்.”

மறுநாள் காலை மனைவியிடம் சொல்லாமல் கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். முதல் ஸ்பூனுக்குத் தவளை மாதிரி விழுங்கிக் காட்டினேன். பையன் என்னை வேடிக்கை பார்த்தான். இரண்டாவதும் வழிந்தது. கொஞ்சம் நிதானப்பட்டு, உதட்டை மூடி, அவன் கண்ணைப் பார்த்து விழுங்கினேன். அவனும் விழுங்கினான்.

பாதிக் கிண்ணத்திலேயே எனக்கு எச்சில் தீர்ந்துபோனது. இவள் இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தாள்?

“என்னங்க, இன்னா சத்தத்தயே காணோம்? கீழ கொட்டிட்டீங்களா?”

“சாப்ட்டான்.”

“முழுசாவா?”

காலிக் கிண்ணத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண்டுபிடித்ததைச் சொன்னேன்.

“நான் அப்பிடியெல்லாம் பண்றதில்ல” என்றாள் கறாராக.

சந்தோஷப்படுவாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் முகம் கொஞ்சம் சுருங்கித்தான் போயிருந்தது.

“என் கைதான் அவனுக்கு வேணும்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

அவள் முட்டிக்கு அடியில் தலையணையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மத்தியானத்துக்குக் கெட்டியா காச்சுங்க. தண்ணியா இருந்தா புரையேறும்.”

“சரி.”

“என்னை எழுப்பாதீங்க.”

பையன் விழித்திருக்கும்போது அவள் தூங்கி நான் பார்த்ததேயில்லை. கதவைச் சாத்தினேன்.