களத்துக்கு அடித்த மண்

காலை 9.40-க்கு சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். மதுரையிலிருந்து ராஜபாளையம் வழியாக மூன்றரை மணி நேரம். பைக்குள், அச்சுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை திருத்த வேண்டிய என் கட்டுரை இருந்தது.

நான் கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறவள். எழுநூறு, எண்ணூறு வருடங்களுக்கு முன் எண்ணெயும் தானியமும் நிரப்பிக் கப்பலேற்றிய பெரிய மண்சாடிகளின் ஓடுகள் கடற்கரை ஊர்களில் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைச் செய்த இடம்தான் தெரியாமல் இருந்தது. திருவேங்கடம் சாலையில் எட்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கரிசல் காடுதான் அந்த இடம் என்பது என் கட்டுரை. சூளையில் மிஞ்சி வெந்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஓடுகளை அங்கே இரண்டு முறை பொறுக்கியிருக்கிறேன். அப்படிப் பாழானதை யாரும் வெளியூருக்குச் சுமந்து போக மாட்டார்கள். அது கிடக்கும் இடத்தில் சூளை இருந்தாக வேண்டும். இந்த முறை போனது படம் எடுக்க மட்டும்.

10.30. டவுன் பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து நடந்தேன். முன்பு போனபோது ஆள் இல்லை. இன்று காட்டுக்குச் சொந்தக்காரரான பேச்சியம்மாள் களத்தில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னத்த மேடம் படம் பிடிக்கிய?"

"இந்த ஓடுகளைத்தான். அந்தக் காலத்துல உங்க காட்டுலதான் சாடி செஞ்சிருக்காங்க."

அவர் சிரித்தார். "இதா? இது எங்க மண்ணே கெடையாதே. கரிசல்ல களம் போட்டா கோடையில பாளம் பாளமா வெடிச்சிரும்லா? அதுக்காவ நாலு வருசத்துக்கு முந்தி செம்மண்ணு கொண்டாந்து அடிச்சோம். மழையில கரைஞ்சு காட்டுக்குள்ள பரவிட்டு. இந்த ஓடெல்லாம் அதோட வந்ததுதான்."

காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னார். உளுந்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அந்த ஓடுகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது கருங்கல் துகளும் காக்காப்பொன் என்கிற மைக்காவும் மின்னின. கரிசல் மண்ணில் அவை அவ்வளவு இருக்காது. குயவர்கள் ஆற்றுமணலைக் கலந்திருப்பார்கள் என்று ஒரு வரி எழுதி, மேலே போய்விட்டேன். மண் சொன்னதை நான்தான் கேட்கவில்லை. மாணவர்கள் முகம் நினைவுக்கு வந்தது.

"எங்கேயிருந்து வந்த மண்ணு?" என்றேன்.

"என் அண்ணன் மகன்தான் டிப்பர்ல கொண்டாந்தான். அவனைக் கேளுங்க" என்று போனை எடுத்தார். "ஏலே மாரி, கொஞ்சம் இங்கன வந்துட்டுப் போ."

12.15. மாரியின் பைக்கில் டவுனைத் தாண்டி, வாசுதேவநல்லூர் திசையில் பத்து கிலோமீட்டர் போனோம். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. மாரி என்பது இங்கே நான் மாற்றி எழுதிய பெயர். போகப் போக மண் சிவந்தது, மலை கிட்டே வந்தது. வறண்ட ஒரு குளத்தின் ஓரம் வண்டியை நிறுத்தினார்.

"இங்கனதான் அள்ளினோம்."

இரண்டு ஆள் ஆழப் பள்ளம். இறங்கித் திரும்பினேன். பள்ளத்தின் சுவரில், வெட்டிய பழம்போல, ஒரு சூளையின் பாதி தெரிந்தது. தீயில் கறுத்த வளைவு, அடியில் சாம்பல் படிவு, அதற்குள் கழுத்து நசுங்கிய ஒரு சாடி இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபாதி இல்லை.

"எத்தனை லோடு?"

"எங்க அத்தை களத்துக்கு ஆறு. மிச்சம் ரோட்டுக்கும் பிளாட்டுக்கும் போச்சு. நாப்பது இருக்கும்." என் முகத்தைப் பார்த்தவர் குரல் இறங்கியது. "பழைய செங்கச் சூளைன்னு நெனச்சோம்க்கா. என்ன இது?"

சொன்னேன். அவர் சாடியைத் தொடப் போய், சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டார். "எண்ணூறு வருசமா? நான் ஜேசிபி பக்கெட்ட வச்சு ரெண்டு நாள்ல..." பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கேஸ் வருமாக்கா?" என்றார்.

"தெரியலை. உங்க பேரை எழுத மாட்டேன். ஆனா இடத்தைச் சொல்லியே ஆகணும். இல்லேன்னா மிச்சமும் போயிரும்."

அவர் மேலே ஏறிப் போனார். வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை. முள்ளை வெட்டி இழுத்து வந்து பள்ளத்தின் வாயில் போட்டார்.

"வாங்க, போயி மனு குடுப்போம். எவ்வளவு அள்ளுனோம்னு எனக்குத்தான தெரியும்? நானே சொல்லுதேன்."

3.30. கிராம நிர்வாக அலுவலகத்தில் என் மனுவுக்குக் கீழே தன் நிஜப்பெயரைக் கையெழுத்திட்டார்.

4.50. மதுரை பஸ் கிளம்புமுன் பத்திரிகைக்குப் போன் செய்தேன். "கட்டுரையை நிறுத்தி வையுங்க. நான் சொன்ன இடம் தப்பு."

ராஜபாளையம் தாண்டும்வரை சாலையோரத்து வீட்டுமனைகளில் கொட்டிய சிவப்பு மண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். மதுரையில் நாங்கள் வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்குப் பதினோரு லோடு இறங்கியது. மண் நல்ல கெட்டி என்று நானே கையில் அள்ளிப் பார்த்துச் சரி சொன்னேன். எங்கே வெட்டியது என்று கேட்கவில்லை.