அண்ணிக்குத் தெரிந்த ஒரே டேக்

என் அண்ணிக்குத் தெரிந்த ஆங்கில வினைச்சொல் ஒன்றே ஒன்றுதான்: டேக். அதை வைத்தே எலும்பு முறிவு வார்டில் பதினோரு வருடம் ஆயா வேலையை ஓட்டிவிட்டாள். மாத்திரை விழுங்க டேக், நாற்காலியில் உட்கார டேக், இடப்பக்கம் திரும்ப டேக், சட்டையைக் கழற்றவும் டேக்தான். "டேக் ஷர்ட்" என்று கையைக் காட்டினால் எந்த ஊர்க்காரரும் கழற்றிவிடுவார். எனக்குத்தான் காது கூசும். பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவள், சும்மா இருப்பேனா?

வெளிநாட்டு நோயாளிகள் பெருகிவிட்டதால், ஆங்கிலம் வராத ஆயாக்களைச் சலவைப் பிரிவுக்கு மாற்றப்போவதாக மேட்ரன் அறிவித்தார். நேர்முகத் தேர்வு வேறு. அண்ணி அரண்டுபோனாள்.

"நாள் பூரா துணியோடயா பேசுறது? எனக்கு மனுஷங்க வேணும்டி."

நாற்பது வினைச்சொற்களை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினேன். அவள் டேக் என்று வாய் திறந்தாலே, "ஐயோ அண்ணி, தப்பு! மானத்த வாங்காதீங்க!" என்று கத்துவேன். பாவம், வெங்காயம் நறுக்கிக்கொண்டே பட்டியலை முணுமுணுப்பாள்.

தேர்வில், நோயாளியிடம் சட்டையைக் கழற்ற எப்படிச் சொல்வாய் என்று மேட்ரன் கேட்டிருக்கிறார். அண்ணி வாயே திறக்கவில்லையாம். அடுத்த கேள்விகளுக்கும் அதே கதைதான். திங்கள்கிழமையிலிருந்து சலவைப் பிரிவு என்று உத்தரவாகிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. சனிக்கிழமை மாலை, அண்ணியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாமென்று வார்டுக்கே போனேன்.

ஏழாம் படுக்கையில் ஒரு வெளிநாட்டுக் கப்பல் சமையல்காரர். இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை முடிந்து, மூன்று நாளாக எழ மறுத்தவராம். அண்ணி அவர் முன்னால் கையை நீட்டியிருந்தாள்.

"டேக் மை ஹேண்ட். டேக் ஸ்மால் ஸ்டெப். டேக் டைம், டேக் டைம்."

அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு அடி நடந்தார். அப்புறம் சிரித்தார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு அண்ணி வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இவ்வளவு நல்லா பேசுறீங்களே, இதையே அங்க சொல்லித் தொலைச்சா என்ன?"

"வாய் வரைக்கும் வந்துச்சு. நீதான் தப்புன்னு சொன்னியே. வாத்தியாரம்மாவோட அண்ணி இப்படியான்னு கேட்டுடுவாங்களோன்னு முழுங்கிட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நேராக மேட்ரன் அறைக்குப் போனேன்.

"மேடம், அவங்க வாயை அடைச்சது நான்தான். ஏழாம் படுக்கைக்காரர அவங்க நடக்க வைக்கிறத ஒரு தடவை வந்து பாருங்க."

மேட்ரன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, ஏழாம் படுக்கைக்குப் போகலாம் வாங்க என்றார்.